ஓரத்தில் எழுதிய பெயர்

முதலில் கேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் பெபிங்கா. கோவாவின் கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்வது. முட்டையின் மஞ்சள்கரு, கெட்டித் தேங்காய்ப்பால், சர்க்கரை, கொஞ்சம் மைதா, ஜாதிக்காய், நெய். பொருட்கள் இவ்வளவுதான். ஆனால் மாவை மொத்தமாக ஊற்றிச் சுட்டு எடுத்துவிட முடியாது. பாத்திரத்தில் நெய்யைக் காயவைத்து ஒரு கரண்டி மாவு ஊற்ற வேண்டும். மேலிருந்து இறங்கும் சூட்டில் அது சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிவந்ததும் நெய் தடவி அதன்மேல் அடுத்த கரண்டி. மறுபடி காத்திருப்பு. ஏழு தட்டு என்பது வழக்கம். பெரிய விசேஷம் என்றால் பதினாறு வரை போவார்கள். ஒரு தட்டுக்கு இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஆகும். நடுவில் எழுந்து போனால் கருகிவிடும். அவசரப்பட்டு அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். முன்பெல்லாம் மூடிமேல் தேங்காய் மட்டையின் தணலைக் கொட்டிச் சுட்டார்கள். இப்போது மின்சார அடுப்பு. காத்திருப்பு மட்டும் மாறவில்லை.

இந்தக் கேக் திருச்சிக்கு எப்படி வந்தது என்றால், ரயிலில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1920களின் இறுதியில் பொன்மலைக்கு மாறியபோது, ஊர் ஊராக வேலைக்கு வந்தவர்களோடு சில ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் கோவாக் குடும்பங்களும் அங்கே வந்து சேர்ந்தன. அப்படி வந்த ஒருவரின் பேத்தி என் தோழி. கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்தோம். அவள் கணிதம், நான் தமிழ். அந்த நாளிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் நான் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பொன்மலைக்குப் போய் அவள் அம்மா கையால் பெபிங்கா சாப்பிட்டுவிட்டு வருவேன். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லே கூடாது. மார்கழி மாதம் வேறு. விடியற்காலையில் கோலமும் திருப்பாவையும், சாயங்காலம் பன்னிரண்டு மஞ்சள்கரு. வாயைக் கொப்பளித்துவிட்டுக் காவிரிப் பாலம் ஏறுவேன். அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கேட்டதில்லை.

தோழியின் அம்மா இறந்தபின் அவள் செய்தாள். ஏழெட்டு வருடம். போன டிசம்பரில் முடியாது என்று சொல்லிவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைப்பளுவும் இல்லை. வெறுமனே மாட்டேன் என்றாள். பெர்த்திலிருந்து அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: மம்மியோடு எல்லாம் போச்சு. சித்தி பிள்ளைகள் அழும் பொம்மைகளை அனுப்பினார்கள். நானும் அவர்கள் பக்கம்தான் நின்றேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். "என்னடி இது, மூணு தலைமுறையா வந்தது, விட்டுடலாமா?" என்றேன். அவள் ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்: "விட வேண்டாம். நீ வந்து நில்லு."

இருபத்தைந்து வருடம் தின்ற கேக். அதை மேடையில் வைத்துப் பேசியும் இருக்கிறேன். பண்பாட்டு நினைவு, பெண்களின் வாய்மொழி மரபு, சமையலறை என்னும் ஆவணக்காப்பகம் என்றெல்லாம். கைதட்டல்கூட வந்தது. ஒரு தடவையாவது அந்த அடுப்பின் முன் முதல் தட்டிலிருந்து ஏழாவது தட்டுவரை நின்றிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

*

நின்றதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், நான் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிற ஒரு பாட்டு. குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் வைத்த பெண் சமைக்கிறாள். செவிலி போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்கிறாள். கெட்டித் தயிரை விரலால் பிசைந்த பெண் அந்த விரலை உடுத்தியிருந்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். துணியை மாற்றப் போகவில்லை. தாளிப்புப் புகை கண்ணை நிறைக்கிறது. தானே துழாவிச் சமைத்ததைக் கணவன் உண்டு, இனிப்பாயிருக்கிறது என்ற பொருளில் ஒரு சொல் சொல்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது.

அருமையான பாட்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபது வருடமாக அந்த முகமலர்ச்சியை வகுப்பில் விளக்கி, மாணவிகளின் முகமும் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேம், அவ சாப்பிட்டாளா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பாட்டில் அதற்குப் பதில் இல்லை. பாட்டில் சமைத்தவள் பேசுவதே இல்லை. உண்டவன் ஒரு சொல் பேசுகிறான், பார்த்தவள் மற்றதெல்லாம் பேசுகிறாள். இரண்டாயிரம் வருடமாக நாம் அந்த ஒரு சொல்லைத்தான் பாட்டின் உச்சம் என்று வாசிக்கிறோம். புகையையும் துடைக்காத துணியையும் அதற்கான விலை என்று வாசிப்பதில்லை, அன்பின் அழகு என்றுதான் வாசிக்கிறோம். ஆனால் கூடலூர் கிழார் அவற்றை விட்டுவிடவில்லை, எழுதியிருக்கிறார். விட்டது நாம்தான்.

தமிழில் சமையலைக் குறிக்கும் சொற்களைப் பார்த்தாலே இது தெரியும். அடு என்றால் சமை. அதிலிருந்துதான் அட்டில், அடுக்களை, அடிசில் எல்லாம். அதே அடுதலுக்குக் கொல்லுதல், வெல்லுதல் என்றும் பொருள் உண்டு. சரி, அது மொழியின் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் கைமணம், கைப்பக்குவம் என்கிறோமே, அவை தற்செயல் இல்லை. ஆண் சமைத்தால் நளபாகம், பீமபாகம். பாகம் என்றால் பதம், கணக்கு, கற்ற வித்தை. பெண் சமைத்தால் கைமணம். கற்றதாகவே ஆகாது, கையிலேயே ஊறி வருவது. பூவுக்கு வாசனை போல. வாசனைக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? எங்கள் ஊர்க் கோயில் மடைப்பள்ளியில் பெண் கரண்டி பிடிப்பதில்லை. கல்யாணத்துக்குச் சமையல்காரர் என்றால் ஆண். பேக்கரியில் மாஸ்டர் என்றால் ஆண். பெயரும் பணமும் உள்ள அடுப்புகளில் பெண்கள் இல்லை. வீட்டு அடுப்பில் மட்டும் மணம்.

மார்கழியில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொண்டாள். பாட்டில் வாக்குக் கொடுத்தாள். வாக்கை நிறைவேற்றியவர் இராமாநுசர் என்பது வைணவ மரபு. அதற்காக அவரை ஆண்டாள் அண்ணா என்று அழைத்தாள் என்றும் சொல்வார்கள். கூடாரவல்லி அன்று நாங்கள் அதைச் செய்கிறோம். அரிசி பாலில் குழைய வேண்டும். நெய் முழங்கை வழிய வேண்டும். அடிப்பிடிக்காமல் கிளறுவதற்கு ஒருத்தி நிற்க வேண்டும். நேர்ந்துகொண்டவளின் பெயர் இருக்கிறது, நிறைவேற்றியவரின் பெயர் இருக்கிறது. நூறு தடா கிளறியவர் பெயர் இல்லை. இதைச் சொன்னால் ஊரில் முகம் சுளிப்பார்கள். நான் ஆண்டாளைக் குறை சொல்லவில்லை. பசிக்கும் ஆசைக்கும் அவள் அளவுக்கு இடம் கொடுத்த கவி யார் நமக்கு? கதையை நாம் எங்கே நிறுத்துகிறோம் என்பதைத்தான் கேட்கிறேன்.

2020இல் கிறிஸ்துமஸும் வைகுண்ட ஏகாதசியும் ஒரே நாளில் வந்தன. டிசம்பர் 25. இந்தக் கரையில் பட்டினி, அந்தக் கரையில் கேக். அன்று போனில் நானும் தோழியும் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அவள் அதிகாலைப் பூசைக்கு முன்பே ஐந்தாவது தட்டு ஊற்றிவிட்டதாகச் சொன்னாள். நான் மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பட்டினி கிடக்கிற அன்றுகூட மறுநாள் சமையல் இருக்கிறது பாருங்கள்.

*

இப்போது அந்த நோட்டு. தோழியின் பாட்டி எழுதத் தொடங்கி அம்மா தொடர்ந்தது. நீல அட்டை, மூலையெல்லாம் நெய்ப்பிசுக்கு. ஆங்கிலத்தில், அழகான கான்வென்ட் கையெழுத்தில். பெபிங்காவுக்கு ஒரு பக்கம் முழுதாக இல்லை. மஞ்சள்கரு 12, தேங்காய் 2 (முதல் பால்), சர்க்கரை அரை கிலோ, மைதா ஒரு கோப்பை, நெய் தேவைக்கு, ஜாதிக்காய் ஒன்றில் பாதி. ஊற்று, சுடு, நெய் தடவு, மறுபடி ஊற்று. முடிந்தது.

சமையல் குறிப்பை இலக்கிய மாணவியாக வாசித்தால் முதலில் கண்ணில் படுவது அதன் வினைமுற்று. யார் ஊற்ற வேண்டும்? எழுவாய் இல்லை. தமிழிலும் அப்படித்தான். கிளறவும், இறக்கவும், பரிமாறவும். வியங்கோள். யாரோ ஒருத்தி செய்வாள் என்பது அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருப்பதால் அவளைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவதாக, நேரம் இல்லை. நெய்க்கு அளவு இல்லாவிட்டாலும் 'தேவைக்கு' என்றாவது இருக்கிறது. மணிக்கு அதுகூட இல்லை.

இந்த இடத்தில் எஸ். மீனாட்சி அம்மாளை நினைக்காமல் இருக்க முடியாது. இளவயதில் கணவரை இழந்தவர். உறவுப் பெண்கள் குறிப்புக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்ததால், வீட்டுப் பெரியவர் ஒருவரின் தூண்டுதலில் புத்தகமாகப் போட்டார். 1951இல் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வந்தது. தலைப்பைக் கவனியுங்கள். சமைத்துப் பார்க்கவும் இல்லை, பாருங்கள் இல்லை. பார். அத்தை மருமகளிடம் சொல்கிற ஒருமை. எதிரே ஒரு பெண் நிற்கிறாள், அவளுக்கு இன்னும் தெரியாது, தெரிந்துகொள்வாள் என்கிற நம்பிக்கை அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது. கைமணம் என்பதை அந்தத் தலைப்பு நிராகரிக்கிறது. படி, ஆழாக்கு என்று அளந்து கொடுத்தால் யாரும் செய்யலாம் என்கிறது. சமையலை ஒரு பெண் தன் பெயரில், தன் வருமானத்துக்காக எழுதினாள் என்பது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம் அந்தப் புத்தகத்தின் வீடு மடி ஆசாரம் உள்ள ஒரு சாதியின் வீடு. அந்தச் சமையலறைக்குள் நுழைய முடியாத பெண்ணை 'பார்' என்று அது கூப்பிடவில்லை. என் பாட்டி வீட்டுப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை நான் இரண்டு மனதோடுதான் புரட்டுகிறேன்.

அம்பை 1988இல் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை எழுதியபோது இந்த உலகத்தின் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். அஜ்மீரில் பெரிய வீடு, விதவிதமான சாப்பாடு, மூலையில் இருட்டாக ஒரு சமையலறை. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிறது. ஆனால் துணிக்கொடிகள் அதை மறைக்கின்றன. தென்னிந்திய மருமகள் மீனாட்சி சமையலறையைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்கிறாள். வீடே அதிர்கிறது. அந்தக் கதையை நாம் பொதுவாக அடிமைத்தனத்தின் கதையாக நடத்துகிறோம். எனக்கு எப்போதும் முள்ளாய்க் குத்துவது மாமியார் ஜீஜி. அந்த இருட்டு மூலையில்தான் அவளுக்கு அதிகாரம். அதை விட்டுவிடு என்று சொல்வது எளிது. விட்டால் அவளிடம் என்ன மிஞ்சும்? தோழியின் அம்மாவும் அப்படித்தான். வருடத்தில் ஒரு நாள், பணிமனையில் ஃபிட்டராக இருந்த கணவர் உட்பட, வீட்டில் எல்லோரும் அவர் சொன்னபடி நடந்தார்கள். கதவைச் சாத்தாதே, காற்று வருது, பேசாதே, நாலாவது தட்டு. 2012 டிசம்பரில் மின்வெட்டு மணிக்கணக்காக இருந்தபோது, பாதியில் அணைந்த அடுப்பிலிருந்து கேக்கை எடுத்துப் பழைய முறையில் மூடிமேல் கரியைக் கொட்டி முடித்தார். அந்த வெற்றிச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அம்மாவின் மணிக்கட்டு வீங்கியிருந்ததையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி அந்த உரையில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

நின்றேன். காலை ஒன்பதரை மணிக்குத் தேங்காய் உடைத்ததில் தொடங்கி மதியம் இரண்டே முக்கால். இடையில் ஒரு தடவை கழிவறைக்குப் போனேன், மூன்றாவது தட்டு ஓரத்தில் கருகியது. தோழி நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். உதவவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஐந்து மணி நேரமும் சொச்சமும். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் சராசரி நேரம் 299 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97. அதாவது நாள் தவறாமல் ஒரு பெபிங்கா. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்ததை நான் மதிக்கிறேன், பெயர் முக்கியம். ஆனால் தோழி கணித ஆசிரியை. விடைத்தாளின் பின்பக்கத்தில் வகுத்துக் காட்டினாள்: மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை.

அந்த வீட்டிலிருந்து சற்றுத் தள்ளித்தான் பணிமனை. 1946 செப்டம்பர் 5இல் பொன்மலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூர்கிறார்கள், கூர வேண்டும். வேலை நேரம், கூலி, சங்கம் என்று பேசக் கற்றுக்கொடுத்த ஊர் அது. தோழியின் வீட்டுக் கடிகாரம் பணிமனைச் சங்கைக் கேட்டுத்தான் சரிசெய்யப்பட்டது. அதே வீட்டுச் சமையலறைக்கு ஷிப்டு முடிகிற சங்கு மட்டும் ஊதவே இல்லை.

சரி, கேக். கவிழ்த்துப் பார்த்தால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ரப்பர் மாதிரி இருந்தது, வறண்டும் போயிருந்தது. என் கைக்குப் பழக்கமில்லை என்று நினைத்தேன். தோழிதான் சொன்னாள், அவள் செய்யும்போதும் இப்படித்தான் வருமாம். அம்மாவின் பதம் ஒரு வருடம்கூட வரவில்லையாம். எட்டு வருடமாக வாட்ஸ்அப்பில் போட்டோ மட்டும் போட்டு, தின்றவர்கள் நாகரிகத்துக்காக நன்றாயிருக்கிறது என்று சொல்ல, அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். மம்மியின் கைமணம் எனக்கு இல்லை என்று. மாட்டேன் என்றதற்கு அதுதான் காரணம். என்னிடம்கூட அதுவரை சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது வாசிப்பது ஒன்றுதான். நோட்டை எடுத்து மறுபடி வாசித்தேன், இந்தத் தடவை ஓரங்களை. ஓரத்தில் வீட்டுக் கணக்கு. நெய்க்கு இவ்வளவு, காந்தி மார்க்கெட் தேங்காய்க்கு இவ்வளவு. எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்துப் பதினைந்து டிசம்பர்களுக்கு ஒரே பெண்ணின் பெயர், பக்கத்தில் '2 நாள்', கூலி. அதன்கீழ் ஒரு தடவை மட்டும், 'வெள்ளைக்கரு கொடுத்தது'.

பெபிங்காவுக்கு மஞ்சள்கரு மட்டும்தான் வேண்டும். வெள்ளைக்கரு மிஞ்சும். கோவாவில் ஒரு கதை உண்டு. கன்னியர் மடத்தில் உடுப்புகளுக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டபின் மஞ்சள்கரு மிஞ்சியதாம். பிபியானா என்ற சகோதரி அதைக் கொண்டு இந்தப் பலகாரத்தைக் கண்டுபிடித்தாராம். அவர் பெயரிலிருந்துதான் பெபிங்கா வந்ததாம். கதை அழகாயிருக்கிறது. ஆனால் பிலிப்பைன்ஸில் பிபிங்கா என்றும், இலங்கையில் பிபிக்கன் என்றும் தேங்காய் சேர்ந்த பலகாரங்கள் இருக்கின்றன. நம் கீழக்கரை, யாழ்ப்பாணம் வீடுகளின் தொதலும் கோவாவில் அதே பெயரோடு அதே கிறிஸ்துமஸ் தட்டில் இருக்கிறது. எத்தனையோ கரைகளின் பெண்கள் தேங்காய்ப்பாலில் சேர்ந்து செய்ததற்கு ஒரே கண்டுபிடிப்பாளரைத் தேடினால் அப்படித்தான் கதை பிறக்கும். 2023இல் பெபிங்காவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது கேக் கடைக்காரர்களின் சங்கம்.

பொன்மலையில் வெள்ளைக்கரு கஞ்சிக்குப் போகவில்லை. ஓரத்துப் பெயர்க்காரரின் வீட்டுக்குப் போயிருக்கிறது. தோழிக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஆயா! பின்வாசலில் உட்கார்ந்து துருவிக்கொண்டிருப்பார். பெண்ணிய வாசிப்பு பேசுகிற நான் அந்த வீட்டின் கதையில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று பெண்களை வரிசையாக வைத்திருந்தேன். நான்காவது பெண்ணை என் கண் தாண்டிப் போயிருக்கிறது. சமையலறைக்கும் பின்வாசலுக்கும் நடுவே ஒரு படிதான். ஏழு தட்டில் மேல்தட்டு எது, அடித்தட்டு எது என்று இதற்குமேல் நான் உவமை சொன்னால் எனக்கே கூசும்.

*

ஆயா பொன்மலைப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஜனவரியில் போனோம். தோழியைப் பார்த்ததும் "பாப்பா, தல நரச்சுப் போச்சே" என்றார். என்னை டீச்சரம்மா என்று உட்காரவைத்தார். தரையில் உட்காரப் போனேன், விடவில்லை. நாற்காலி இழுத்துப்போட்டுத் தான் நின்றார். உட்காருங்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லத் தோன்ற ஐந்து நிமிடமானது.

தோழி நோட்டை விரித்துக் குறிப்பைத் தமிழில் வாசித்தாள். மஞ்சள்கரு பன்னிரண்டு, தேங்காய் ரெண்டு.

"மூணு," என்றார் ஆயா.

"மம்மி ரெண்டுன்னுதான் எழுதியிருக்காங்க ஆயா."

"தொரசாணி எழுதுனது அவங்கம்மா சொன்னத. அந்தூருத் தேங்கா பெருசா இருந்திருக்கும். இந்தூரு தேங்காக்கு ரெண்டு பத்தாதுன்னு நாந்தான் மூணு போடுவேன். அவங்களுக்குத் தெரியும். எழுதல." பிறகு, பால் பிழிந்தபின் மேலே படிகிற கட்டியை மட்டும் எடுக்க வேண்டும், தண்ணீர் விடக் கூடாது, வெந்நீர் கையளவு தெளித்தால் போதும் என்றார். கடைசித் தட்டுக்கு மட்டும் கொஞ்சம் இரண்டாம் பால். இதெல்லாம் நோட்டில் எங்கேயும் இல்லை.

நீங்கள் அந்தக் கேக்கைச் சாப்பிட்டதுண்டா என்று கேட்டேன். கேட்டதும் ஏன் கேட்டோம் என்றிருந்தது. சின்னத் துண்டு கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றார். "வெள்ளக்கருவுல வெங்காயம் போட்டு வறுத்துக் குடுப்பேன். அதுதான் எங்க வீட்டு கிறிஸ்துமஸ்." சொல்லிவிட்டுச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. மகள் நகரத்தில் ஒரு பேக்கரியில் பெட்டி கட்டுகிற வேலையில் இருக்கிறார். அடுப்பு வேலைக்குக் கேட்டதற்கு மாஸ்டர்தான் போடுவார், லேடிஸுக்கு இல்லை என்று சொன்னார்களாம்.

தோழி பேனாவை எடுத்து 2ஐ அடித்து 3 என்று எழுதினாள். பக்கத்தின் மேலே, தலைப்புக்குப் பக்கத்தில், உங்கள் பெயரை எழுதட்டுமா ஆயா என்று கேட்டாள். அவர் புரியாமல் பார்த்தார்.

"அதான் கூலி குடுத்துட்டாங்களே பாப்பா, அன்னிக்கே. பேரு எதுக்கு?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து வலது கையை நீட்டி விரல்களை மடக்கிப் பார்த்தார். முழுசாக மடங்கவில்லை. "அந்த மூணாவது தேங்காதான். அதப் பிழியறப்பதான் கை விட்டுப்போவும்."